நாற்பத்தேழாம் நம்பர் பூட்டு

அத்தியாயம் 14

"உங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துட்டாரா?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மழை நாளின் மாலையில், வயர்காரியின் வாசலில் நின்று கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் அனல் மின்நிலையத்தின் கேட் வாட்ச்மேன். குடை இருந்தும் தொப்பலாக நனைந்திருந்தார்.

"இல்லையே. அவர் தம்பிதான் ஜுரம்னு மத்தியானமே வந்து படுத்திருக்கு. அவர் இன்னும் வரலை. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்" என்றார். சும்மா கேட்டவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அப்போது அவளை யாரும் வயர்காரி என்று கூப்பிட்டதில்லை. பம்பு ஆபரேட்டர் பெண்டாட்டி, அவ்வளவுதான். ஆறு வயது மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள் துவாலையும் கையுமாக அப்படியே நின்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் இன்றுவரை மாறவில்லை. இல்லை, இன்னும் வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். நிலக்கரி எரிந்து மிஞ்சின சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தேக்கும் குளம், அந்த மழையில் நிரம்பிக் கரை உடைந்தது. மதகைத் திறக்கக் கரைமேல் ஓடினவரைச் சேறு விழுங்கிக்கொண்டது. இருபத்திரண்டு நாள் தோண்டினார்கள். ஒற்றைச் செருப்புகூடக் கிடைக்கவில்லை. குளத்துத் தண்ணீரை இறைக்கிற பம்பைத் தன் கையாலேயே பூட்டிவிட்டு, திறக்க மறந்துபோனார் என்று விசாரணை முடிந்தது. 'இறந்தவரின் கவனக்குறைவு.' இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் அவளை ஒன்பது வருஷம் பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மின்நிலையத்தை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். பெண்கள் இருந்தார்கள். காய்ந்து இறுகின அதே சாம்பல் குளத்தின்மேல் சோலார் பேனல்கள் நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பன்னிரண்டு பெண்கள் துணிந்து ஆறு மாதப் பயிற்சிக்குப் போனார்கள். வயர்காரிதான் அதில் முதலில் பெயர் கொடுத்தவள். இப்போது அவர்களுக்குத் தலைவியும் அவள்தான். அறுபத்திரண்டு வரிசைப் பேனல்களையும் பத்து வருஷம் பராமரிக்கிற ஒப்பந்தம் அவர்களுக்கே என்று பேச்சு. நிபந்தனை ஒன்றே ஒன்று. இன்று மாலை நான்கு மணிக்குள் மின்சாரம் வெளியே போக வேண்டும். போகாவிட்டால் ஒப்பந்தம் வெளியூர்க் கம்பெனிக்கு.

நேற்றுச் சாயங்காலம் பழைய சுவிட்ச் ரூமைத் திறந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிற்று. பேனல்களின் மின்சாரம் வெளியே போகவேண்டிய பெட்டி, பழைய பம்பினுடைய பெட்டி. அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டின் நெற்றியில் 47 என்று அடித்திருந்தது.

அது அவளுடைய புருஷனின் பூட்டு.

*

காலையில் அவள் எழுந்து வந்தபோது கொழுந்தன் ஈரத்துணியால் ஜன்னல் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் போன மறுமாதமே மின்நிலைய வேலையை உதறியவன் அவன். கல்யாணமும் வேண்டாம் என்று இந்த வீட்டோடு இருந்துவிட்டான். தெருமுனையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறான். சமைக்கிறான். அண்ணன் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான்.

"சித்தப்பா, புகை நின்னு மூணு வருஷம் ஆச்சு. இந்தச் சாம்பல் இன்னும் எங்கேர்ந்து வருது?" என்றாள் மகள். பதினைந்து வயது. தூக்கத்தில்கூடப் பேசுகிறவள்.

"காத்துல வருது."

"காத்துக்கு வேற வீடே கிடைக்கலையா? எதிர்வீட்டு ஜன்னல் பளபளன்னு இருக்கு. நம்ம அட்ரஸ் மட்டும் மனப்பாடமா?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"வாயை மூடிட்டு எப்படிச் சாப்பிடறது? நீங்க செஞ்சு காட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

கறுத்துப்போன துணியை அவன் சாக்கடையில் பிழிவதில்லை. கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் செடித்தொட்டியில் பிழிவான். ஏன் என்று வயர்காரி கேட்டதில்லை. அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகை யாராக இருக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். தொட்டியில் நட்ட எந்தச் செடியும் பிழைத்ததில்லை. ஆனாலும் அங்கேதான் பிழிவான்.

அவள் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றான்.

"இன்னிக்குத்தானா அண்ணி?"

"ஆமா தம்பி. நாலு மணிக்கு."

"அந்தப் பழைய ரூம்..."

"ரூமுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஈரமா கிடக்கும். பாத்துக் கால் வைங்க."

பூட்டைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அண்ணன் பேச்சை எடுத்தால் இரண்டு நாள் சோறு இறங்காது அவனுக்கு. பயிற்சிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும் அப்படித்தான் கிடந்தான். சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

"அம்மா, நான் நேத்துக் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலை" என்றாள் மகள்.

"என்ன கேட்ட?"

"அப்பா எந்த வரிசைக்குக் கீழ இருப்பார்?"

மறுபடி ஜன்னலைத் துடைக்கப் போயிருந்த கொழுந்தனின் துணி பாதியில் நின்றது.

"ஸ்கூலுக்கு நேரமாகுது பாரு."

"இன்னிக்கு லீவும்மா. அதுகூட ஞாபகமில்ல உனக்கு."

*

சாம்பல்மேல் நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. பக்கத்தில் ஆள் வந்து நிற்பதும் தெரியாது. தோளில் கை வைத்ததும்தான் திடுக்கிட வேண்டும். முதல் மாதம் பெண்கள் எல்லோரும் இருமிக்கொண்டே நடந்தார்கள். இப்போது பழகிவிட்டது.

பழகாத விஷயமும் ஒன்று உண்டு. பேனல்களுக்குத் தூண் இறக்கும்போது, ஒவ்வொரு தூணுக்கும், யாராவது ஒருத்தி குனிந்து தரையைப் பார்த்து மெல்லச் சொல்வாள். "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க." முதலில் சொன்னவள் டீக்கடை அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அதைச் சொல்லாமல் ஒரு தூணும் இறங்கவில்லை. கரை உடைந்த மூலையில் இருந்தது நாற்பத்தோராவது வரிசை. அங்கேதான் நல்ல நிழல். அந்த நிழலில் உட்கார்ந்து இதுவரை ஒருத்தியும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததில்லை.

டீக்கடை அக்கா அந்தக் காலத்தில் மின்நிலைய வாசலில் கடை வைத்து முந்நூறு பேருக்கு டீ ஆற்றியவள். கேட் மூடின அன்றே கடையும் மூடியது. இப்போது கேபிள் முனை பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேட்டால், "ஒரு சொட்டு சிந்தாம ஆத்தின கைடி, இந்த வயரா நடுங்க வைக்கும்?" என்பாள்.

"என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள், வயர்காரியைப் பார்த்ததும்.

"பேய்தான்க்கா. வந்து பாருங்க."

சுவிட்ச் ரூமுக்குள் வந்து பூட்டைப் பார்த்ததும் அக்கா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

பூட்டின் சட்டம் ரொம்பச் சின்னது. இயந்திரத்துக்குள் கை வைக்கப் போகிறவர், முதலில் கைப்பிடியை இறக்கி மின்சாரத்தை நிறுத்தவேண்டும். இறக்கின கைப்பிடியில் தன் பூட்டை மாட்ட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. சாவி அவரவர் பையில். வேலை முடிந்து வெளியே வந்து, பூட்டினவரே திறக்க வேண்டும். அடுத்தவன் பூட்டை வெட்டுவதும் அவன் கழுத்தை வெட்டுவதும் ஒன்று. உள்ளே அவன் கை இருக்கலாம். இதை வயர்காரி மற்ற பதினொரு பேருக்கும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்திருந்தாள்.

கரை உடைந்ததோடு குளத்தைக் கைவிட்டார்கள். பம்பு யாருக்கும் தேவைப்படவில்லை. பூட்டும் அதன் பாட்டுக்கு இருட்டில் தொங்கிக்கொண்டு ஒன்பது வருஷம் காத்திருந்தது.

*

மதியம் ஒன்றரை மணிக்கு மின்வாரியத்திலிருந்து ஆய்வாளர் வந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட இளம் பெண். அளந்து பேசுகிறவள். கூடவே பேனல் கம்பெனி மேனேஜரும் வந்தார்.

"இதுக்குப் போய் ஏன்மா இவ்வளவு யோசனை?" என்றார் மேனேஜர். "கட்டர் அதோ சுவத்துலயே தொங்குது. ஒரு நிமிஷ வேலை."

"ஒரு நிமிஷ வேலைதான்" என்றாள் ஆய்வாளர். "அதுக்கு முன்னாடி ஒரு தாள் இருக்கு."

தாளில் அச்சடித்திருந்தது ஒரே ஒரு வரி. 'பூட்டின் உரிமையாளர் இந்த வளாகத்துக்குள் இல்லை என்பதை விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.' அதன் கீழே, பணித்தலைவர் கையெழுத்து.

வயர்காரி அதை மூன்று தடவை படித்தாள்.

"மேடம், 'இறந்துட்டார்'னு எழுதிக் கையெழுத்துப் போடலாமா?"

"இறந்துட்டார்ங்கறது வேற. உள்ள இல்லைங்கறது வேற. இந்தத் தாள் ரெண்டாவதைத்தான் கேக்குது." சொல்லிவிட்டு ஆய்வாளர் நிமிர்ந்தாள். "யாரோட பூட்டு இது?"

"இவ வீட்டுக்காரரோடது" என்றாள் டீக்கடை அக்கா.

"இப்ப அவர் எங்க?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பேனல்கள் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்துக் கிடந்தன. ஆய்வாளருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டாள்.

சுவரில் ஓர் ஆணியில் பழைய பதிவேடு தொங்கியது. வயர்காரி எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அந்த மழை நாளின் தேதி. பூட்டு: 47. போட்டவர்: 47. அந்தக் காலத்தில் யாரும் பெயர் எழுதி மெனக்கெடுவதில்லை. நம்பரே பெயர். 'எடுத்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"பாருங்கம்மா, நாலு மணிக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல" என்றார் மேனேஜர். "வெளியூர் ஆளுங்க தயாரா இருக்காங்க. அவங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. பூட்டைத் திறக்க மறந்தது யாரோ ஒருத்தர், அதுக்குப் பன்னிரண்டு பேர் பொழப்பு போகணுமா?"

"சார்" என்றாள் டீக்கடை அக்கா. "டீ கிடைக்காத இடத்துல நாக்கு வறண்டு போகும், கேள்விப்பட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் நீளுது."

மேனேஜர் வெளியே போய் நின்றுகொண்டார்.

வாசலில் மற்ற பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. அவர்களில் ஒருத்தி, நேற்றுத்தான் தன் பெயர் தைத்த வேலைச்சட்டை வாங்கியவள், அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாளாம். காலையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது அவள் அந்தச் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வயர்காரி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

"அம்மா! கரண்ட் விட்டாச்சா?" என்றாள் மகள்.

"இன்னும் இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவோட பூட்டு இங்க பெட்டியில மாட்டியிருக்கு. நேத்துத்தான் பாத்தேன். அதை வெட்டினாத்தான் கரண்ட் போகும். வெட்டணும்னா, அப்பா இந்த இடத்துக்குள்ள இல்லைன்னு நான் எழுதிக் கொடுக்கணும்."

"ஆனா இருக்காரே."

"தெரியும்."

"அப்ப அது பொய்யாச்சே. பூட்டு விஷயத்துல பொய் சொன்னா ஒரு உயிர் போகும்னு நீதானே சொல்லுவ? எனக்கே நூறு தடவை சொல்லியிருக்க."

"பன்னிரண்டு வீடு இருக்குடி கண்ணு. மூணேமுக்காலுக்குக் கையெழுத்துப் போடப் போறேன். உன்கிட்ட சொல்லாமப் போட மனசு வரலை."

"நான் வேணாம்னு சொன்னா?"

"அப்பவும் போடுவேன். சொல்லிட்டுப் போட்டேன்னு இருக்கும், அவ்வளவுதான்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"என்ன சத்தம் அங்க?"

"சித்தப்பா கையிலேர்ந்து... அம்மா, போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. சித்தப்பா ஏன் இப்படி..."

போன் அறுந்துபோயிற்று.

*

மூன்றரை மணிக்கு வயர்காரி தனியாக நாற்பத்தோராவது வரிசைக்கு நடந்தாள்.

பேனல்களுக்கு அடியில் புகுந்த காற்று மெலிதாக விசிலடித்தது. அவர் பல்லிடுக்கில் விசிலடிப்பார். வேலை முடிந்து தெருவில் திரும்பும்போதே கேட்கும். அதைக் கேட்டுத்தான் அவள் அடுப்பில் பாத்திரத்தை வைப்பாள். இந்த ஒன்பது வருஷத்தில் எத்தனையோ மாலைகளில் அந்த விசிலைக் கேட்டு அவள் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். பிறகு அணைத்திருக்கிறாள்.

சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டாள். நிழலில் குந்தி உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்தாள். வெயில் நேரத்திலும் சாம்பல் குளிர்ந்திருந்தது.

"ஏங்க" என்றாள். சொந்தக் குரலே அவளுக்கு யாரோ பேசுவது போலிருந்தது. "கொஞ்ச நேரம் வெளியில வந்து நிக்கறீங்களா? கேட் தாண்டி நின்னாப் போதும். ஒரு அரை மணி நேரம். நான் கையெழுத்துப் போட்டுடறேன். அப்புறம் உள்ள வந்துடுங்க. உங்களைத் துரத்தறேன்னு நினைச்சுக்காதீங்க."

காற்று நின்றது. விசிலும் நின்றது.

அவள் எழுந்து, கேட் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. பார்த்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

மூன்றே முக்கால். ஆய்வாளர் தாளை மேஜையில் வைத்து, மூலை பறக்காமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டீக்கடை அக்கா கட்டரைச் சுவரிலிருந்து இறக்கி, தாடையைப் பூட்டின் வளையத்தில் பொருத்தினாள். ஒரு சொட்டு சிந்தாத கைக்கு அது இரண்டாவது தடவையில்தான் பொருந்தியது.

பேனாவை எடுத்து, தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள்.

வெளியே சைக்கிள் ஒன்று சரளைக்கல்லில் சறுக்கி விழும் சத்தம்.

"வெட்டாதீங்க அண்ணி! வெட்டாதீங்க!"

கொழுந்தன் வாசலில் நின்றான். முழங்காலில் ரத்தம். அவன் பின்னால் மகள், தலைமுடி கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"என்னான்னே சொல்ல மாட்டேங்கறார்ம்மா! வழியெல்லாம் கேட்டுட்டே வர்றேன். ஒரு வார்த்தை சொல்லலை. மேட்டுல இறங்கி மூச்சு வாங்கினாரே ஒழிய..."

ஒன்பது வருஷம் அவன் இந்த வாசலை மிதித்ததில்லை. மின்நிலையம் இருக்கும் திசையில் படுக்கக்கூட மாட்டான். இப்போது நேராகப் பெட்டியின் முன்னால் வந்து நின்று, இறுக்கி மூடியிருந்த கையைத் திறந்தான்.

உள்ளங்கையில் ஒரு சின்னச் சாவி. துரு இல்லை. நாள் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த சாவி.

பூட்டுக்குள் நுழைத்தான். சாவிக்குத் துரு இல்லாவிட்டால் என்ன, பூட்டுக்கு இருந்தது. திரும்பவில்லை. வயர்காரியின் கை தன்னால் இடுப்புப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து நீட்டியது. அவன் நான்கு சொட்டு விட்டான். காத்திருந்தான். மறுபடி திருப்பினான்.

பூட்டு திறந்துகொண்டது.

அதைக் கழற்றி மேஜையில் வைத்தான். பதிவேட்டை இழுத்து, கடைசி வரியில் இரண்டு இடத்தில் எதையோ எழுதினான். நிதானமாக, பள்ளிக்கூடப் பையன் எழுதுவதுபோல எழுதினான்.

"அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க அண்ணி" என்றான். "பூட்டுப் போட்டவனே எடுத்துட்டான்."

ஆய்வாளர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சட்டப்படி சரியா இருக்கு" என்றாள், தாழ்ந்த குரலில். "மூணு ஐம்பத்திரண்டு. ஏத்தலாம்."

வயர்காரியின் தலைக்குள் ஏதோ ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, அன்றைய குளத்துத் தண்ணீரைப் போல. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. சாவி பூட்டினவர் பையில். அது அவரோடு குளத்துக்குள் போய்விட்டது என்றுதான் எல்லோரும்...

கை மட்டும் பயிற்சியை மறக்கவில்லை. அவள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் வெளியில இருக்கீங்களா? எண்ணுங்க!"

"ஒண்ணு!" என்றாள் டீக்கடை அக்கா. "ரெண்டு!" "மூணு!" வெளியிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. பித்தான் திருகினவளின் குரல் பதினொன்று. "பன்னிரண்டு" என்று வயர்காரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினாள்.

டக்கென்று ஒரு சத்தம். பிறகு பெட்டிக்குள் மெல்லிய ரீங்காரம். ஆய்வாளர் தன் மீட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வெளியே பெண்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ யாரையோ தூக்கினார்கள். டீக்கடை அக்கா ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டே வெளியே ஓடினாள். பத்து வருஷம் அவர்களுடையது. ஆய்வாளர் தன் தாள்களை எடுத்துக்கொண்டு, ஒரு கணம் தயங்கி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

உள்ளே மூன்று பேர் மிஞ்சினார்கள்.

மகள் பதிவேட்டின் மேல் குனிந்திருந்தாள். விரல் வைத்துப் படித்தாள்.

"எடுத்தவர், உங்க பேரு. சரி, இப்ப நீங்கதானே எடுத்தீங்க. ஆனா 'போட்டவர்'ங்கற இடத்துல நாப்பத்தேழை அடிச்சுட்டு உங்க பேரை ஏன் எழுதியிருக்கீங்க? இது அப்பாவோட பூட்டு. சித்தப்பா? இது அப்பா பூட்டுதானே?"

கொழுந்தன் சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு என் பூட்டை வீட்டுல விட்டுட்டுப் போயிட்டேன்" என்றான். கண் இரண்டும் தரையில் இருந்தன. "அண்ணன்தான் தன்னோடதைச் சாவியோட கொடுத்தார். 'போட்டுக்கோடா, யார் பாக்கப் போறா'ன்னார். பம்புக் குழியில இறங்கறதுக்கு அதைத்தான் மாட்டினேன். ஜுரம் தூக்கி அடிச்சுது. பாதியில ஏறி வந்தேன். சாவியைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்துட்டேன். பூட்டை மறந்துட்டேன்."

பெட்டி ரீங்கரித்தது.

"மழையில தண்ணி ஏறினப்ப அண்ணன் இந்த ரூமுக்குத்தான் ஓடி வந்திருப்பார். கட்டர் அந்தச் சுவத்துலயே தொங்கிட்டிருந்துது அண்ணி. ஒரு நிமிஷ வேலை. வெட்டியிருந்தா பம்பு ஓடியிருக்கும். கரை நின்னிருக்கும். ஆனா அவருக்கு நான் வீட்டுக்குப் போனது தெரியாது. பூட்டு தொங்குதேன்னு பாத்தார். நான் குழிக்குள்ள கையை வச்சுட்டு இருக்கேன்னு நினைச்சார். குழி மறுகோடியில, போய்ப் பாத்து வர நேரமிருந்திருக்காது. அதான் வெட்டலை. மதகைத் திறக்க ஓடினார்."

இறந்தவரின் கவனக்குறைவு.

வயர்காரி கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. இரும்பின் அதிர்வு முழங்கை வரை ஏறிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஜன்னலைத் துடைத்த கை, மகளுக்குப் பேனாவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை, அவள் கண்ணுக்கு எதிரே முழங்காலின்மேல் மல்லாந்து கிடந்தது. அதை எதால் அடிப்பது, அதை எப்படித் தொடுவது, இரண்டுமே அவளுக்குத் தெரியவில்லை.

"விசாரணையில சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் வந்தது அவளுக்கு.

"தினமும் சொல்லணும்னுதான் எழுந்திருப்பேன்."

மகள் நிமிர்ந்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். கணக்கில் தப்பு விழுந்தால் எந்த வரியில் தப்பு என்று தேடுவாளே, அந்தப் பார்வை.

"கண்ணு" என்று அவன் கையை நீட்டினான். "எதாவது திட்டுடா."

அவள் பதிவேட்டை மூடினாள். நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். நீட்டின கையைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். வெளியே வெயிலும் கூச்சலும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன.

"அடியே, எங்க ஓடற? உங்கம்மா ஊருக்கே கரண்ட் விட்டிருக்கா, வந்து ஒரு ஆட்டம் போடு!" என்று டீக்கடை அக்கா அவள் தோளைப் பிடித்தாள். அவள் தோளை விடுவித்துக்கொண்டாள்.

கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தினாள். பதிவேட்டைக் கேரியரில் வைத்து, கிளிப்பை இழுத்து இறுக்கினாள். கேட்டைத் தாண்டினால் வலப்பக்கம் வீடு. இடப்பக்கம், 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்த, இன்னும் மூடாத தலைமை அலுவலகத்துக்குப் போகிற நீளமான தார்ச்சாலை.

வயர்காரி வாசலுக்கு வந்தபோது மகள் இடப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.